மேட்டுக்குள் ஒரு பிள்ளை

சாடோத் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தங்கச் சுரங்கம் பார்க்கத்தான் போகிறார்கள். 1601இல் தோண்ட ஆரம்பித்து 1989 வரை தங்கமும் வெள்ளியும் எடுத்த மலை அது. 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நான் போனது சுரங்கத்துக்காக அல்ல. அந்தத் தீவின் நெல்வயல்களுக்கு நடுவே நிற்கும் நாடக மேடைகளுக்காக.

ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கிறது நீகாத்தா நகரம். அங்கிருந்து பெரிய கப்பலில் இரண்டரை மணி நேரப் பயணம். தோக்கியோவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் கூட வந்தான். “ஜப்பான்காரங்கள்லயே நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்ததில்ல பெரியம்மா. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?” என்று கப்பலில் கேட்டான். மேல்தளத்தில் சிறுவர்கள் இறால் வறுவலைக் கையில் நீட்டிப் பிடிக்க, கடற்காகங்கள் பறந்தபடியே அதைக் கொத்திக்கொண்டு போயின. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே அவனுக்கு ஸெயாமியின் கதையைச் சொன்னேன்.

‘நோ’ என்று ஜப்பானியர் சொல்லும் முகமூடி நாடகத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் ஸெயாமி. பிறந்தது 1363 வாக்கில். அப்பா கான்அமி, கோயில்களிலும் ஊர்த் திடல்களிலும் ஆடிப் பிழைத்த குழுவின் தலைவர். ஸெயாமி சிறுவனாக இருந்தபோது, கியோத்தோவில் அவர்கள் ஆடியதை நாட்டை ஆண்ட இளம் ஷோகுன் யோஷிமித்சு பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் குழு அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்தது. ஸெயாமி நாடகங்கள் எழுதினார், ஆடினார், ஆடுவது எப்படி என்று நூல்களும் எழுதினார். அந்த நூல்கள் குடும்ப ரகசியமாக வாரிசுகள் கையில் மட்டும் இருந்தன. 1909இல் யோஷிதா தோகோ என்ற வரலாற்றறிஞர் அச்சிட்டபோதுதான் உலகம் அவற்றைப் படித்தது. அவர் பார்த்துப் பதிப்பித்த சுவடிகள் 1923 நிலநடுக்கத்தின் தீயில் எரிந்துபோயின. பதினான்கு ஆண்டுகள் தாமதித்திருந்தால் அவற்றோடு ஜப்பானின் நாடக நினைவில் ஒரு பகுதியும் சாம்பலாகியிருக்கும்.

எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதரை 1434இல் வேறொரு ஷோகுன் சாடோவுக்கு நாடு கடத்தினார். என்ன குற்றம் என்று எங்கும் பதிவில்லை. ஸெயாமியின் உடன்பிறந்தவருடைய மகனான ஒன்அமியின் மேல் ஷோகுனுக்கு இருந்த பிரியம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.

அரசுக்கு ஆகாதவர்களைக் கொண்டுபோய் விடும் இடமாகவே சாடோ நெடுங்காலம் இருந்தது. 1221இல் ஜுந்தோக்கு என்ற முன்னாள் பேரரசரை அனுப்பினார்கள். இருபத்தொரு வருடம் இருந்து அங்கேயே இறந்தார். 1271இல் நிச்சிரென் என்ற பௌத்தத் துறவி வந்தார். அடுத்த நூற்றாண்டில் ஹினோ சுகெதோமோ என்ற அரசவைப் பெரியவர். அவருக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகன், பெயர் குமாவாகா. அப்பாவுக்கு மரண தண்டனை வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அந்தப் பையன் தலைநகரத்திலிருந்து இந்தத் தீவுவரை வந்துவிட்டான். தீவின் அதிகாரி பார்க்க விடவில்லை. ஒரே ஊரில் பிள்ளை ஓரிடம், அப்பா ஓரிடம். 1332இல் தண்டனை நிறைவேறியது, எரித்த எலும்புதான் பையன் கைக்கு வந்தது. ‘தைஹெய்கி’ என்ற பழைய போர்க்கதை நூல் இதைச் சொல்கிறது. மீதிக் கதையில் பழிவாங்கலும் தப்பி ஓடலும் வரும். அவனைத் தப்பவைத்த துறவியின் பெயர் தாய்ஸென். அந்தப் பெயரில் சாடோவில் ஒரு கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலின் முற்றத்தில்தான் தீவின் மிகப் பழைய நோ மேடையும் இருக்கிறது.

கப்பல் ரியோத்சு துறையை அடைந்ததும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அங்கேதான் முதலில் போனோம்.

மேடை 1846இல் கட்டியது. தடித்த புல்கூரை, கீழே நான்கு தூண்கள், ஏறக்குறைய இருபதடிச் சதுரத்தில் மரத்தரை. பின்சுவரில் பைன் மரம் தீட்டியிருக்கிறது. எல்லா நோ மேடையிலும் அந்த மரம் உண்டு. கதை அரண்மனையில் நடந்தாலும் கடற்கரையில் நடந்தாலும் பின்னால் இருப்பது அதே பைன்தான், வேறு திரைச்சீலை கிடையாது. இங்கே மரத்தோடு ஒரு சிவப்புச் சூரியனும் இருக்கிறது. சாயம் உதிர்ந்து பலகையின் ரேகை தெரிகிறது. சுற்றிலும் உயர்ந்த மரங்கள், அதற்கப்பால் நாற்று நட்டு ஒரு மாதமான வயல்கள். நாங்கள் நின்ற நேரத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஏறி மிதித்துப் பார்க்க ஆசையாக இருந்தாலும் மிதிக்கவில்லை. வெள்ளைத் துணிக் காலுறை அணிந்த பாதம் தவிர வேறெதுவும் அந்தத் தரையில் படக்கூடாது.

அரசவையில் வளர்ந்த கலை, வயல்காட்டுக்கு எப்படி வந்தது? ஸெயாமி கொண்டுவந்தார் என்று சொல்லத்தான் மனம் விரும்புகிறது. ஆனால் அவர் இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுத்ததற்குச் சான்றில்லை. அவருக்குப் பிறகு நூற்றெழுபது வருடம் கழித்து, தங்கச் சுரங்கத்தை நிர்வகிக்க ஓகுபோ நாகயாசு என்ற அதிகாரி வந்தார். அவர் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். வரும்போது ஆட்டக்காரர்களையும் இசைக்காரர்களையும் கூடவே கூட்டிவந்தார். அதிகாரிகள் பார்த்தார்கள், பிறகு கோயில் திருவிழாக்களுக்கு வந்தது, பிறகு ஊர்க்காரர்களே கற்றுக்கொண்டார்கள். ஜப்பானின் மற்ற இடங்களில் இது போர்வீரர் வகுப்பின் கலையாக இருந்தது. இங்கே நெல் அறுக்கிறவரும் மீன் பிடிக்கிறவரும் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள், தாளம் தட்டுகிறார்கள். ஒரு காலத்தில் தீவில் இருநூறு மேடைகளுக்கு மேல் இருந்தனவாம். இப்போது முப்பதுக்குச் சற்று அதிகம். அதுவே ஜப்பானில் மிஞ்சியிருக்கும் நோ மேடைகளில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்கிறார்கள். தீவின் மக்கள்தொகை சுமார் 50,000.

இந்தக் கணக்கு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. சோற்றுக்கு நெல் விளைவிக்கிற ஊர், மழைக்குக் கோயில் கட்டுகிற ஊர், கோயிலுக்கு எதிரே நாடகத்துக்கு என்று தனியாக ஒரு கட்டடம் எழுப்பி, ஒவ்வொரு தலைமுறையும் கூரை மாற்றிக் காப்பாற்றி வருகிறது என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி முடித்துவிட முடியாது. பல ஊர்களில் மேடை கருவறையைப் பார்த்தபடி நிற்கிறது. முதல் பார்வையாளர் சாமி. மனிதர்கள் இடையிலோ பக்கவாட்டிலோ புல்லில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஷோபோஜி என்ற கோயிலில் பழைய முகமூடி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மழை இல்லாத வருடத்தில் ஸெயாமி அதை அணிந்து ஆடி மழை வரவழைத்தார் என்பது ஊர் வழக்கு.

ஜூன் மாதம்தான் சாடோவில் நாடகக் காலம். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் பக்கத்து ஊர்க் கோயிலில் அன்று இரவு ஆட்டம் என்று தெரிந்தது. நாடகம் ‘சுமிதாகாவா’ என்றதும் எனக்குக் கை நடுங்கியது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாலை நான்கு மணிக்கே போய்விட்டோம். கோயிலை ஒட்டிய கூடத்தில் ஒருவர் கரி அடுப்பின் முன்னால் முழங்காலிட்டு மேளத்தோலை வாட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் வைத்து அடிக்கும் பெரிய மேளம் அது. தோல் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு கணீரென்று பேசும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடேற்றுகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் தோளில் வைத்து அடிக்கும் சிறிய மேளம். அதற்கோ ஈரம் வேண்டும். அவர் தோலின் மேல் வாயை வைத்து ஊதுகிறார், சிறு காகிதத் துண்டை நனைத்துப் பின்பக்கத் தோலில் ஒட்டுகிறார், ஒரு தட்டு தட்டிக் கேட்கிறார், திரும்பவும் ஊதுகிறார். ஒன்றுக்கு நெருப்பு, ஒன்றுக்கு மூச்சு. இரண்டும் ஒரே மேடையில் பக்கம் பக்கமாக உட்காரும்.

மேளம் வாட்டியவர் எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். “எந்த ஊர்னு கேக்குறாரு பெரியம்மா. இந்தியாவிலிருந்து இதுக்காகவே வந்தீங்கன்னு சொன்னேன், நம்ப மாட்டேங்கிறாரு” என்றான் பையன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நெல்லும் சீமைப் பனிச்சையும் பயிரிடுகிறாராம். அவருடைய அப்பா நடவு நேரத்தில் வயலில் நின்றபடி நாடகப் பாட்டை இழுத்துப் பாடுவாராம், அடுத்த வயல்காரர் விட்ட இடத்திலிருந்து எடுப்பாராம். “பாடத் தெரியாதவரை ஊர்க் கல்யாணத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்” என்று சொல்லிவிட்டுத் தோலை விரலால் சுண்டிப் பார்த்தார்.

கூடத்தின் மூலையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளை உடையில், தலையில் நீண்ட கறுப்பு முடி பொருத்திக்கொள்ளக் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அவன் பாட்டி அவன் கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இருட்டத் தொடங்கியதும் மேடையின் இருபுறமும் இரும்புக் கூடைகளில் பைன் விறகைக் கொளுத்தினார்கள். புல்லில் பாய் விரித்து, போர்வை சுற்றிக்கொண்டு, ஃபிளாஸ்கில் தேநீரோடு ஊரே உட்கார்ந்திருந்தது. சுற்றி வயல்களில் தவளைகளின் சத்தம் காதை அடைத்தது. முதலில் குழல் அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு எழுந்தது.

கதை சிறியது. கியோத்தோவில் ஒரு தாய். ஆள் பிடிக்கிறவன் அவளுடைய ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவள் பித்துப்பிடித்தவளாகக் கையில் மூங்கில் கிளையோடு நாட்டின் மறுகோடிவரை தேடி வருகிறாள். சுமிதா ஆற்றங்கரையில் படகுக்காரன் அவளை ஏற்ற மறுக்கிறான். பிறகு மனமிரங்கி ஏற்றிக்கொள்கிறான். அக்கரையில் கூட்டமாக ஏதோ பிரார்த்தனை நடக்கிறது. படகு போகும்போது ஒருவன் அது என்ன என்று கேட்க, படகுக்காரன் சொல்கிறான்: போன வருடம் இதே நாளில் ஆள் பிடிக்கிறவன் ஒருவன் நோய்வாய்ப்பட்ட ஒரு சிறுவனைக் கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டான், பிள்ளை இங்கேயே இறந்துபோனான், இன்று அவனுக்கு ஆண்டு நினைவு. படகு கரை சேர்கிறது. எல்லாரும் இறங்குகிறார்கள். அவள் மட்டும் இறங்கவில்லை. பிள்ளையின் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள்.

மேடையில் ஆறு இல்லை, படகும் இல்லை. படகுக்காரனாக நின்றவர் கையில் ஒரு மூங்கில் கழி இருந்தது. தாயாக ஆடியவர் அவருக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆனால் நான் அந்த ஆற்றைப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த பாட்டியும் பார்த்தாள் என்று அவள் உடம்பு முன்னால் சாய்ந்ததிலிருந்து தெரிந்தது. அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சேர்ந்து, ‘சரி, இங்கே ஆறு ஓடுகிறது’ என்று ஒப்புக்கொண்டதால் ஓடிய ஆறு அது. ஒருவர் எழுந்து போனால்கூட ஒரு கை குறைந்துவிடும் என்று தோன்றியது.

தாயாக ஆடியவர் அறுபது வயது ஆண். தீவிலேயே பிறந்து, ஹோஷோ என்ற நோ மரபில் சிறுவயதிலிருந்து பயின்றவர். நடுத்தர வயதுப் பெண்ணின் முகமூடி, அவருடைய முகத்தைவிடச் சிறியது. தாடையின் தொங்கு சதையும் கழுத்து நரம்பும் வெளியே தெரிகின்றன. அதை மறைக்க யாரும் முயல்வதில்லை. முகமூடியின் கண் துளை ஊசிக் கண் மாதிரி. ஆடுகிறவருக்கு மேடை தெரியாது. முன்மூலைத் தூணை அடையாளம் வைத்துத்தான் நகர்கிறார். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்து இழுத்து வைக்கும் நடை. முகமூடியைச் சற்றே மேலே தூக்கினால் தீ வெளிச்சம் பட்டு அது மலர்கிறது, தாழ்த்தினால் இருள்கிறது. மரத்தில் செதுக்கிய ஒரே முகம்தான். அன்றிரவு அதில் நம்பிக்கை வந்ததையும் போனதையும் நான் கண்ணால் கண்டேன்.

இறந்தது தன் பிள்ளைதான் என்று தெரிந்ததும் அவள் அலறவில்லை. கையிலிருந்த தொப்பி நழுவியது. வலது கை மெல்ல மெல்ல எழுந்து, உள்ளங்கை முகமூடியின் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. முகத்தைத் தொடவில்லை, ஒரு சாண் இடைவெளி. நோ நாடகத்தில் அழுகைக்கு அவ்வளவுதான். அந்த ஒரு சாண் இடைவெளியில் எங்கள் எல்லாருடைய அழுகைக்கும் இடம் இருந்தது.

மேடையின் பின்பகுதியில் துணி சுற்றிய சிறு கூண்டு ஒன்றை முதலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதுதான் பிள்ளையின் சமாதி மேடு. தாய் கையில் சிறு சேகண்டியை எடுத்துத் தட்டிக்கொண்டு அமிதா புத்தரின் பெயரைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். பாடகர் எட்டுப் பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். ஊரார் சொல்கிறார்கள், தாய் சொல்கிறாள், திரும்பத் திரும்ப அதே பெயர். அப்போது அந்தக் குரல்களுக்கு நடுவே மெல்லியதாக, உயரமாக, இன்னொரு குரல். மேட்டுக்குள்ளிருந்து பிள்ளையின் குரல்.

என் பக்கத்துப் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். மேட்டிலிருந்து வெள்ளை உடையில் அந்தச் சிறுவன் வெளியே வந்தான். தாய் கைகளை நீட்டிக்கொண்டு போகிறாள், பிள்ளை அவளைக் கடந்துபோய் மேட்டுக்குள் மறைகிறான். மறுபடி வருகிறான், மறுபடி கை நீட்டுகிறாள், கையில் எதுவும் இல்லை. விடிகிறது. மேட்டில் புல் மட்டும் இருக்கிறது.

யாரும் கைதட்டவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக, வந்த நிதானத்திலேயே, பக்கவாட்டுப் பாலம் வழியாக நடந்து மறைந்தார்கள். பாலத்தின் முடிவில் ஐந்து வண்ணத் திரையை இருவர் மூங்கில் கழியால் தூக்க, உள்ளே போனார்கள். நம்மூர்க் கூத்தில் வேடக்காரர் இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று முகம் காட்டாமல் பாடி, பிறகு வெளிப்படுவார் அல்லவா, அந்தத் திரை நினைவுக்கு வந்தது. எந்த ஊரானாலும் வேறொரு உலகத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு வாசல் வேண்டியிருக்கிறது.

‘சுமிதாகாவா’ என்றதும் ஏன் கை நடுங்கியது என்று இப்போது சொல்கிறேன். இந்த நாடகத்தை எழுதியவர் ஸெயாமியின் மகன் மொத்தோமாசா. இதைப் பற்றி அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த விவாதம் 1430இல் தொகுத்த ‘சாருகாகு தாங்கி’ என்ற நூலில் பதிவாகியிருக்கிறது. தொகுத்தவர் ஸெயாமியின் இன்னொரு மகன். செத்த பிள்ளையை மேடையில் காட்டக்கூடாது, மேட்டுக்குள் யாரும் இல்லாமல் ஆடுவதே மேல், தாய்க்கு மட்டும் தெரியும் மாயை அது என்பது ஸெயாமியின் கருத்து. அப்படி ஆட என்னால் முடியாது என்றார் மகன். இரண்டு விதமாகவும் ஆடிப் பார், நன்றாக வருவதை வைத்துக்கொள் என்று அப்பா விட்டுக்கொடுத்தார்.

இரண்டே வருடம். 1432இல் மொத்தோமாசா இளம் வயதில் இறந்துபோனார். ஸெயாமி பிள்ளைக்காக ஒரு சிறு இரங்கல் எழுதினார். அதற்கு இரண்டு வருடம் கழித்து இந்தத் தீவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். மேட்டுக்குள் பிள்ளை வேண்டாம் என்று கறாராகச் சொன்ன கலைஞர், பிள்ளையைப் பறிகொடுத்த கிழவராக, பிள்ளை ஒருவன் அப்பாவைத் தேடி வந்து பார்க்க முடியாமல் போன இதே தீவின் கரையில் இறங்கினார். இந்த மண்ணில் உட்கார்ந்து அந்த நாடகத்தைப் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நாடகம் மனிதனுக்கு ஏன் இவ்வளவு அடிப்படையானது என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். கதை சொல்லும் ஆசை, பாவனை செய்யும் இயல்பு, சடங்கின் மிச்சம் எல்லாம் உண்மைதான். ஆனால் சாடோவில் எனக்குத் தெரிந்தது இன்னும் எளிமையானது. இங்கே இல்லாத ஒருவரைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு எல்லா மனிதருக்கும் இருக்கிறது. செத்தவர், தொலைந்தவர், கடலுக்கு அப்பால் அனுப்பப்பட்டவர். ஓவியம் அவருடைய உருவத்தைத் தரும், பாட்டு அவருடைய நினைவைத் தரும், சினிமா அவர் அன்று அசைந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டும். நாடகத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கும் ஒருவர் தன் உடம்பை அவருக்கு இரவல் தருகிறார். மூச்சு வாங்குகிற, வியர்க்கிற, எப்போது வேண்டுமானாலும் தடுமாறிவிடக்கூடிய உடம்பு. உயிரோடு இருக்கும் மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஆமாம், அவர்தான் வந்திருக்கிறார்’ என்று சாட்சி சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். தள்ளிப்போட முடியாது, வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது.

இது ஜப்பானியருக்கு மட்டும் வாய்த்தது அல்ல. 1956இல் பெஞ்சமின் பிரிட்டன் என்ற ஆங்கில இசையமைப்பாளர் தோக்கியோவில் இந்த நாடகத்தைப் பார்த்தார். ஜப்பானிய மொழி தெரியாதவர். எட்டு வருடம் அது அவர் மனதிலேயே கிடந்து, 1964இல் இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்குள் நடக்கும் இசை நாடகமாக வெளிவந்தது. தாய் அதே தாய், ஆறு அவருடைய ஊர்ச் சதுப்பு நிலத்து ஆறு, பிரார்த்தனை லத்தீனில். சாமி மாறிவிட்டது, பிள்ளை சமாதியிலிருந்து பேசுவது மாறவில்லை.

சாடோவிலிருந்து ஸெயாமி தன் மருமகன் ஸென்சிகுவுக்கு எழுதிய கடிதம் ஒன்று பிழைத்திருக்கிறது. ஊரில் விட்டுவந்த வயதான மனைவியைப் பார்த்துக்கொள்வதற்கும், பணம் அனுப்பியதற்கும் நன்றி சொல்கிறார். பிறகு, பேய் வேடத்தை எப்படி ஆடுவது என்று மருமகன் கேட்ட சந்தேகத்துக்கு விளக்கம் எழுதுகிறார். மகன் இல்லை, வீடு இல்லை, மேடை இல்லை. ஆனாலும் பேய் வேடம் சரியாக வர வேண்டும். அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆட்டம் முடிந்ததும் கூடத்தில் எங்களையும் உட்காரவைத்து சோற்று உருண்டையும் சூப்பும் கொடுத்தார்கள். முகமூடியைக் கழற்றிய ‘தாய்’ அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் முன் அதற்குத் தலை வணங்கினார். நெற்றியில் முகமூடி அழுத்திய தழும்பு சிவப்பாக இருந்தது. பிள்ளையாக ஆடிய சிறுவன் மூன்றாவது உருண்டையைத் தின்றுகொண்டிருந்தான். மேட்டுக்குள் அவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று அவனிடம் கேட்கச் சொன்னேன். “உள்ளே ஒன்றுமே தெரியாது. சேகண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்” என்றான்.

ஏழு வயதில் பயிற்சி தொடங்க வேண்டும், அந்த வயதில் பிள்ளை தானாகச் செய்வதில் ஒரு அழகு இருக்கும், நல்லது கெட்டது என்று ரொம்பத் திருத்தாதே, மனம் போனபடி விடு என்று ஸெயாமி எழுதி வைத்திருக்கிறார். இங்கே விட்டுவிட்டுப் பார்க்கப் பிள்ளைகள்தான் குறைந்துபோனார்கள். இளையவர்கள் நீகாத்தாவுக்கும் தோக்கியோவுக்கும் போய்விடுகிறார்கள். பாடகர் வரிசையில் எட்டுப் பேரைச் சேர்க்க மூன்று ஊர்களைக் கூட்ட வேண்டியிருக்கிறது. முன்பு ஆண்கள் மட்டும் உட்கார்ந்த அந்த வரிசையில் அன்று இரண்டு பெண்களும் இருந்தார்கள். அதில் ஒருவர் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார்.

மேளக்காரரிடம் ஸெயாமிக்கும் மகனுக்கும் நடந்த விவாதத்தைப் பற்றிக் கேட்டேன். பிள்ளையைக் காட்டுவது சரியா, காட்டாமல் விடுவது சரியா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பையன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சில வருடம் முன்னால் ஊரில் அந்த வேடத்துக்கு ஏற்ற வயதில் ஒரு பிள்ளைகூட இல்லையாம். சரி, ஸெயாமியே சொன்னதுதானே என்று மேட்டுக்குள் யாரையும் வைக்காமல், குரலை மட்டும் பாடகர்கள் கொடுக்க, ஆடி முடித்தார்களாம். படித்தவர்கள் பாராட்டினார்களாம்.

“அடுத்த நாள் காலையில் ஊர்ப் பாட்டிகள் நாலைந்து பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்” என்றார் மேளக்காரர். “அந்தப் பொம்பளை கியோத்தோவிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள், பிள்ளையை ஒருமுறைகூடக் கண்ணில் காட்டாமல் அனுப்பிவிட்டீர்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள்.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று பையன் கேட்டான்.

“என்ன சொல்வது? அடுத்த வருடம் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போய்க் கேட்டு ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தோம்” என்று சொல்லிவிட்டு, சோறு தின்றுகொண்டிருந்த சிறுவனைக் காட்டினார். “இவனுடைய அண்ணன்தான்.”